இணையப் பாடங்களுக்குள் வழி தவறாமல் இருக்க: வாய்க்கால், போர்வெல், பஸ்ஸுல துண்டு — எந்த உருவகம் எங்கே உதவும்?

கிழக்கதிர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கேரள எல்லையில, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு படிப்பகத்துக்கு ஆறு வகுப்புத் திட்டம் போட்டுக்கிட்டு இருக்கோம். ஒவ்வொன்னும் ஒன்றரை மணி நேரம். வரப்போறது தமிழ்வழியில எட்டு முதல் பத்து வரை படிக்கிற பிள்ளைங்க, கூடவே பத்தாம் தரம் துல்யதா (பள்ளிக்கூடம் முடிக்காதவங்களுக்குக் கேரளாவுல நடத்துற பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வு) எழுதப்போற பெரியவங்க ஏழெட்டுப் பேர். பாடம் நடத்துறது நம்ம வேலை இல்லை. கேரளாவோட சமக்ரா தளம், கைட் விக்டர்ஸ் சேனல், தமிழ்நாட்டுக் கல்வித் தொலைக்காட்சியோட யூடியூப் பக்கம், நாடு முழுக்கப் பொதுவான தீக்ஷா, ஸ்வயம், தேசிய மின்னூலகம்னு இத்தனை பாடத்தளமும் சும்மாவே கிடக்குது. உள்ளே போய் வேண்டியதை எடுத்துட்டு வெளியே வரத் தெரியணும், அவ்வளவுதான்.

தடுக்குறது எப்பவும் மூணு இடத்துல. இப்ப எங்க நிக்கிறோம்னு தெரியறதில்லை. முந்தி இருந்த இடத்துக்குத் திரும்பத் தெரியறதில்லை. தேடல் பெட்டியில தட்டுறதுக்கும் பட்டியலைத் தொட்டுத் தொட்டு உள்ளே போறதுக்கும் என்ன வித்தியாசம்னு பிடிபடறதில்லை.

ஏதாவது ஒரு உருவகத்தை வெச்சுத் தொடங்கலாம்னு எண்ணம். இப்போதைக்கு நூலகம்: தளம்னா நூலகம், பாடம்னா அலமாரி, அத்தியாயம்னா புத்தகம். இது ஓடுமா?

மணக்கடவு மாஷ்

ஓடாதுங்க டீச்சர். ரெண்டு காரணம்.

நூலகத்துல ஒரு புத்தகம் ஒரே அலமாரியிலதான் இருக்கும். இணையத்துல ஒரே வீடியோ பாடத்துக்குக் கீழேயும் வரும், ஆசிரியர் பெயருக்குக் கீழேயும் வரும், தேடினாலும் வரும். நூலகம்னு சொல்லிட்டா, ரெண்டாவது இடத்துல அதைப் பார்க்கிற பிள்ளை இது வேற பாடம்னு நினைச்சு முதல்ல இருந்து பார்க்கும்.

இன்னொன்னு இதைவிடப் பெரிசு. அலமாரி எண் பார்த்துப் புத்தகம் எடுத்துப் பழக்கமே இல்லாத பிள்ளைக்கு நூலகத்தையே முதல்ல கத்துக்கொடுக்கணும். தெரியாத ஒன்னை வெச்சுத் தெரியாத இன்னொன்னை விளக்க முடியாது.

ஒப்புமையைப் பத்தி டெட்ரே ஜென்ட்னர்ங்கிற உளவியலாளர் 1983ல எழுதின கோட்பாடு இங்க உதவும். ரெண்டு பொருளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கணும்னு இல்லை. உள்ளே இருக்கிற உறவுகள் ஒத்துப்போகணும். எது எதுக்குள்ள இருக்கு, எதைத் திறந்தா எது வரும், எதை மூடினா எது நிக்கும் — இந்த வரிசை பொருந்தினா அந்த உருவகம் வேலை செய்யும்.

நம்ம பக்கத்துல அப்படிப் பொருந்துறது பாசனம். ஆழியாறு அணை, ஆறு, தண்ணியைப் பிரிச்சு விடற மூலத்தரை ரெகுலேட்டர், அங்கிருந்து வலதுகரை இடதுகரைக் கால்வாய், கிளை வாய்க்கால், மடை, வயல். தீக்ஷாவைத் திறந்தா முதல்ல கேக்குறது வாரியம் (எந்த மாநிலப் பாடத்திட்டம்ங்கிறது), அப்புறம் பயிற்றுமொழி, அப்புறம் வகுப்பு. அதுக்குக் கீழே பாடம், அத்தியாயம், கடைசியா ஒரு வீடியோவோ பயிற்சித்தாளோ. ஆறு படி. மேலே ஒரு மதகைத் தப்பாத் திறந்தா கீழே எத்தனை மடை மாத்தினாலும் வேற தண்ணிதான் வரும். இதைப் பிள்ளைங்களுக்கு விளக்கவே வேண்டாம், சொன்னதும் புரியும்.

எல்லைப்பக்கம் அதிகமா நடக்குற தப்பும் இந்த மேல்மதகுலதான். "தமிழ்" கண்ணுல பட்டதும் அதைத் தொட்டுடறாங்க. வாரியம் தமிழ்நாடுன்னு விழுந்துடுது. படிக்கிறது கேரளப் பாடத்திட்டம், வர்றது தமிழ்நாட்டு அத்தியாயம். மொழி அதே, தலைப்புகூடச் சிலது அதே. ஆனா பாட வரிசை வேற, பயிற்சிக் கேள்வி வேற. ஒரு வாரம் படிச்ச பிறகுதான் தெரியவரும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளையோட புத்தகத்தை வாங்கி அதுல இருக்கிற க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணினாலும் இதே கதைதான். தமிழ்நாடும் கேரளாவும் 1970ல போட்ட ஒப்பந்தத்துல ஆண்டுக்கு 7.25 டிஎம்சின்னு மணக்கடவுல அளந்து பாலக்காட்டுச் சித்தூருக்கு விடறாங்களே, அதைச் சொல்லுங்க: ஆறு ஒன்னு, பங்கு வேற. தமிழ் ஒன்னு, வாரியம் வேற. முதல் வகுப்புல முக்கால் மணி நேரம் இந்த ஒன்னுக்கே போகட்டும், வீண் இல்லை.

கிழக்கதிர்

நல்லா இருக்குங்க மாஷே. அப்போ தேடல் பெட்டி? வாய்க்கால்ல அதுக்கு இடமே இல்லையே.

மணக்கடவு மாஷ்

அது போர்வெல். கால்வாய் வரிசையை விட்டுட்டு நேரா ஒரே இடத்துல குழாய் இறக்குறது. நம்ம கிழக்குப் பகுதியில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துல இருக்கு, யாருக்கும் படம் வரைஞ்சு காட்ட வேண்டியதில்லை.

பொருந்துற விதத்தைப் பாருங்க. துளை போடற பாயிண்டு தப்பாப் பார்த்தா வெறும் புகைதான் வரும். தேடுற சொல் தப்பினா முடிவு பூஜ்யம். "அறிவியல்"னு மட்டும் தட்டுறது எங்க வேணா துளை போடற மாதிரி. "ஒன்பதாம் வகுப்பு ஒளிவிலகல் தமிழ்வழி"ன்னு தட்டுறது பாயிண்டு பார்த்துப் போடறது. வகுப்பு, பாடப்பொருள், வழி, இந்த மூணு சொல்லும் கட்டாயம். தண்ணி வந்தாலும் உப்பா நல்லதான்னு வாயில வெச்சுப் பார்த்துத்தானே தோட்டத்துக்கு விடறோம்? அதே மாதிரி வந்த முடிவு எந்த வாரியம், எந்த வருஷப் பாடத்திட்டம்னு பார்க்கணும். கால்வாய்த் தண்ணி எந்த வழியா வந்ததுன்னு நமக்குத் தெரியும். போர்வெல் தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியாது. தேடல்ல வந்ததைச் சரிபார்க்கணும், பட்டியல் வழியா வந்ததுக்கு அவ்வளவு தேவையில்லைன்னு இந்த ஒரு வித்தியாசத்துலேயே சொல்லிடலாம்.

பழையபெட்டி

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். உருவகம் உதவும், மறுக்கலை. ஆனா அதைத் திரைக்குள்ள கொண்டுபோனவங்க கதையையும் பார்த்துட்டுத் தொடங்குங்க.

திரையில வர்ற மேசை, கோப்பு, உறை எல்லாம் ஜெராக்ஸ் ஸ்டார்ங்கிற கணினி 1981ல கொண்டுவந்தது. அது நின்னுது, ஏன்னா அளவாத்தான் இருந்தது. 1995ல மைக்ரோசாஃப்ட் பாப்னு ஒன்னு வந்தது. கணினித் திரையையே வீடா வரைஞ்சு, அறை, கதவு, கணப்பு எல்லாம் வெச்சு, கடிதம் எழுதணும்னா மேசையில இருக்கிற பேனாவைத் தொடணும்னு ஆக்கினாங்க. அடுத்த வருஷமே கடையைச் சாத்திட்டாங்க. வீட்டுக்குள்ள ஒரு வேலைக்கு இன்னொரு அறைக்கு நடந்துதான் போகணும். கணினியில எதுக்கு நடக்கணும்? உருவகம் கொடுத்த சுமை, அது குறைச்ச சுமையை மிஞ்சிடுச்சு.

மேக்கின்டாஷ் குப்பைத்தொட்டி இன்னொரு வகைத் தப்பு. 1984 மேக்குல ஃபிளாப்பியை வெளியே எடுக்கணும்னா அதை இழுத்துக் குப்பைத்தொட்டியில போடணும். குப்பையில போட்டா அழிஞ்சுடும்னு நம்பினவங்க கை நடுங்குமா நடுங்காதா? பின்னாடி வந்த பதிப்புகள்ல வட்டை இழுக்கும்போது மட்டும் தொட்டி ஐகானே வெளியேற்றும் குறியா மாறுற மாதிரி வெச்சாங்க. உருவகம் உடையற இடத்தை மறைக்க அத்தனை பாடு.

அதனால என் கருத்து: வாய்க்காலை வாயில வெச்சுக்கோங்க, சுவத்துல வரையாதீங்க. அணை, மதகு, வயல்னு பெரிய வண்ணப்படம் ஒட்டினா பிள்ளைங்க அந்தப் படத்தைப் படிக்கும், திரையைப் படிக்காது.

துண்டுசீட்டு

பழையபெட்டி அண்ணா சொன்னது பாதி சரி. சுவர்ப்படம் வேண்டாம், ஆனா கையில ஒரு தாள் வேணும். அரை ஏ4 போதும், நெடுக்காக் கோடு போட்டு மூணு பத்தி. முதல் பத்தியில ஊர்ச் சொல், ரெண்டாவதுல திரையில இருக்கிற சொல் எழுத்துப் பிசகாம (தமிழ்ல இருந்தா தமிழ்ல, மலையாளத்துல இருந்தா மலையாள எழுத்துலேயே), மூணாவதுல "இங்க பொருந்தாது". அஞ்சு வரிசைக்கு மேல போகக்கூடாது. மூணாவது பத்தி காலியா இருந்தா அந்தத் தாளை அச்சடிக்காதீங்க, வேலை முடியலைன்னு அர்த்தம்.

வாய்க்காலுக்கு மூணாவது பத்தியில நான் எழுதுவேன்: தண்ணி மேலே ஏறாது, ஆனா இங்க மேலேயும் போகலாம், பக்கத்து மடைக்கும் ஒரே தாவா தாவலாம். ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தருக்குக் குறையும், இங்க குறையாது. இந்த ரெண்டாவதைச் சொல்லாம விட்டீங்கன்னா பெரியவங்கள்ல சிலர், "நான் டவுன்லோடு பண்ணினா பிள்ளைக்கு இல்லாமப் போயிடுமா"ன்னு உண்மையிலேயே தயங்குவாங்க.

அப்புறம், ஸ்வயமுக்கு வாய்க்கால் ஆகவே ஆகாது. அங்க பிரச்சினை இடம் இல்லை, நேரம். அதுக்கு பஸ் ஸ்டாண்டுதான். பொள்ளாச்சி போற பஸ்ஸுல சன்னல் வழியா துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறோமில்ல? அது பதிவு, காசு கிடையாது. கண்டக்டர்கிட்ட டிக்கெட் வாங்குறது வேற, அது தேர்வுப் பதிவு. ஸ்வயம்ல ஐஐடிக்காரங்க நடத்துற என்பிடெல் பாடத்துக்குச் சேர்றது இலவசம். சான்றிதழ் வேணும்னா தேர்வுக்குத் தனியாப் பதிஞ்சு 1000 ரூபாய் கட்டணும். துண்டு போட்டதோட வேலை முடிஞ்சதுன்னு இருந்துட்டுக் கடைசித் தேதியைக் கோட்டை விடறதுதான் வழக்கமா நடக்குறது.

மீதிக் கணக்கையும் அதே பஸ்ஸுல ஏத்திடலாம். 12 வாரப் பாடம்னா 12 ஸ்டாப்பு, வாரத்துக்கு ஒரு ஒப்படைப்பு, ஒவ்வொன்னுக்கும் கடைசி நாள். அதுல நல்லா வந்த 8 மட்டும் கணக்குல எடுத்து 25 மதிப்பெண்ணுக்குச் சுருக்குவாங்க. நேர்ல போய் எழுதற தேர்வு 75க்கு. சான்றிதழ் கிடைக்கணும்னா 25க்கு 10, 75க்கு 30, ரெண்டும் தனித்தனியாத் தேறணும். தேர்வுல 60 எடுத்துட்டு ஒப்படைப்புல 8 வெச்சிருந்தா ஒன்னும் கிடைக்காது. இதைப் பத்துத் தடவை சொல்லுங்க.

பொருந்தாதது: பஸ்ஸை விட்டா விட்டதுதான், ஆனா இங்க வீடியோ அங்கேயே இருக்கும், பிறகும் பார்க்கலாம். போறது மதிப்பெண் மட்டும்.

வடகரப்பதியாள்

ஒரு நிமிஷம். வாய்க்கால், போர்வெல், பஸ், துண்டு... ஆறு வகுப்புக்குள்ள இத்தனையா? கலந்து கட்டி அடிச்சா பிள்ளைங்க மண்டையில எதுவும் நிக்காது. ஒன்னே ஒன்னை எடுத்து நீட்டிக்கிட்டுப் போறதுதான் முறை.

துண்டுசீட்டு

நீட்டினா கிழியுங்க அக்கா. கடைசித் தேதியை வாய்க்கால்ல எப்படிச் சொல்வீங்க? "முறைத்தண்ணி உன் நாள் முடிஞ்சது"ன்னு சொல்லலாம், ஒத்துக்கறேன். தேர்வுக்கட்டணத்தைத் தண்ணித்தீர்வைன்னும் சொல்லலாம். அப்புறம் 8/12ஐ? அங்க இழுத்துப் பிடிச்சு விளக்குறதுக்குள்ள நேரா விதியைச் சொல்லிட்டுப் போயிடலாம்.

கலக்குறது தப்புதான், ஆனா ஒரே வகுப்புல ரெண்டு வெச்சாத்தான் கலப்பு. பாடம் தேடற வகுப்புல பாசனம், கடைசித் தேதி வகுப்புல பஸ். தலைப்பு மாறுறப்ப பழைய தாளை வாங்கி வெச்சுட்டுப் புதுத் தாளைக் கொடுங்க.

மணக்கடவு மாஷ்

ஒரு திருத்தம். வாய்க்காலும் போர்வெல்லும் ரெண்டு உருவகம் இல்லைங்க. ரெண்டும் ஒரே தோட்டத்துல இருக்கு, அதனால ஒரே தாள்ல வரலாம். வடகரப்பதி அக்கா கவலை பஸ்ஸுக்குப் பொருந்தும், இதுக்கு இல்லை.

கடைமடை

போன்ல என்ன ஆகும்னு யாரும் பேசலையே. இங்க வர்ற இருபது பேர்ல லேப்டாப்புல பார்க்கப்போறது எத்தனை பேர்? எல்லாம் போன்தான். அதுல உருவகம் முதல்ல உடையறது பேக் பட்டன்ல.

மாஷ் சொன்ன வாய்க்கால்ல பேக் அமுத்தினா ஒரு படி மேலே, மடையிலிருந்து கிளைக்குப் போகும்னு பிள்ளை எதிர்பார்க்கும். ஆண்ட்ராய்டுல பேக் அப்படி வேலை செய்யறதில்லை. அது படிநிலையைப் பார்க்காது, கால் வெச்ச வரிசையை மட்டும் பார்க்கும். வாட்ஸ்அப் குழுவுல வந்த லிங்க்கைத் தொட்டு நேரா ஒரு பாடத்துக்குள்ள விழுந்திருந்தா, பேக் அமுத்தினதும் வாட்ஸ்அப்புக்கே போயிடும். அத்தியாயப் பட்டியலுக்குப் போகாது, ஏன்னா அந்தப் பிள்ளை அந்தப் பட்டியல் வழியா வரவே இல்லை. "பாடம் காணாமப் போச்சு"ன்னு சொல்றதுல பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

அதனால ரெண்டு சொல் தனித்தனியா வேணும். பேக்குக்கு "வந்த தடம்". பக்கத்தோட உச்சியில "வகுப்பு 9 › இயற்பியல் › ஒளி"ன்னு வர்ற வரிக்கு "மேல்மடை". அந்த வரிக்கு ஆங்கிலத்துல இருக்கிற பெயரை ரொட்டித்துணுக்குன்னு மொழிபெயர்த்து வெச்சிருக்கிற தளங்களும் உண்டு. நம்மூர்ப் பிள்ளைக்கு அது டீக்கடையைத்தான் ஞாபகப்படுத்தும். பெயரும் தப்பு: நடந்து வந்த வழியைக் காட்டுற மாதிரிச் சொல்லுது, காட்டுறது என்னமோ எது எதுக்குள்ள இருக்குங்கிறதை.

பயிற்சி இப்படி வைங்க. ஒரு அத்தியாயத்தோட லிங்க்கை வாட்ஸ்அப்புல அனுப்புங்க. திறக்கச் சொல்லுங்க. "இதே பாடத்துல அடுத்த அத்தியாயத்தை எடு, பேக் தொடாம." மேல்மடை வரியையோ பட்டியலையோ தேடுற கை வந்துடுச்சுன்னா பாதிக் கிணறு தாண்டிட்டோம்.

பெயருக்கு ஏத்த மாதிரி இன்னொன்னும் சொல்லிடறேன். தண்ணி குறையாதுன்னு துண்டுசீட்டு சொன்னது தளத்துக்குச் சரி, டேட்டாவுக்குத் தப்பு. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா திட்டம் போட்ட வீட்டுல மூணு பேர் பார்த்தா கடைசி ஆளுக்கு வட்டம் மட்டும்தான் சுத்தும். 360பி தரத்துல ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 எம்பி, 720பியில ஒரு ஜிபியைத் தொடும், சிலது தாண்டும். கரும்பலகைப் பாடத்துக்கு 360 போதும். எழுத்து பொடியா இருக்கிற திரைப்பதிவுக்கு மட்டும் 720 வைங்க. தீக்ஷா செயலியில பதிவிறக்கம் பண்ணிட்டு ஆஃப்லைன்ல பார்க்கலாம். அதைக் குட்டைன்னு சொல்லிக் கொடுங்க: முறைத்தண்ணி வர்றப்ப நிரப்பி வெச்சுக்கறது. படிப்பக வைஃபையில நிரப்பிட்டு வீட்டுல பார்க்கட்டும்.

கிழக்கதிர்

குட்டை அருமைங்க. தாள்ல அஞ்சாவது வரிசை அதுதான்.

நூலகத்தான்

நூலகத்தை முதல் பதில்லேயே தள்ளுபடி பண்ணிட்டீங்க, சரி. வடிகட்டியைப் பத்திச் சொல்லிட்டுப் போறேன், தேசிய மின்னூலகத்துல அது இல்லாம எதையும் எடுக்க முடியாது.

வடிகட்டின்னு தமிழ்ல எழுதியிருக்கிறதே ஒரு உருவகம். அதுவே குழப்புது. சமையல்கட்டுல ரெண்டு வகை வடிகட்டுறது இருக்கு. காப்பி வடிகட்டினா கீழே இறங்கினதை வெச்சுக்கிட்டு மேலே நின்னதைக் கொட்டறோம். சோறு வடிச்சா மேலே நின்னது வேணும். இப்ப "வீடியோ"ங்கிற கட்டத்துல டிக் போட்டா வீடியோ தங்குமா, போயிடுமா? பாதிப் பேர் தப்பாச் சொல்வாங்க, அவங்க மேல தப்பில்லை.

மாத்து வழி சுலபம். "மட்டும்" சேர்த்துச் சொல்ல வைங்க. சந்தையில வாழைத்தார்க்காரர்கிட்ட "நேந்திரன் மட்டும் காட்டுங்க"ன்னா மத்ததைத் தூக்கிக் குப்பையில போடறாரா? ஒதுக்கி வைக்கிறார். மறுபடி "எல்லாம் காட்டுங்க"ன்னா வந்துடும். அதே மாதிரி "தமிழ் மட்டும்", "வீடியோ மட்டும்". டிக்கை எடுத்தா எல்லாம் திரும்ப வரும், எதுவும் அழியாதுங்கிறதும் கூடவே புரிஞ்சுடும்.

அடுத்து, எத்தனை "மட்டும்"? ஒவ்வொன்னாப் போடணும், போட்டதும் எத்தனை முடிவுன்னு எண்ணைப் பார்க்கணும். மொழி, வகுப்பு, வகை மூணையும் ஒரே மூச்சுல போட்டுட்டு பூஜ்யம் வந்தா எது கழுத்தை நெரிச்சதுன்னு தெரியாது. எண் இருபதுக்குக் கீழே வந்ததும் நிறுத்திட்டுக் கண்ணால பார்க்கத் தொடங்கலாம். பூஜ்யமானா கடைசியாப் போட்டதை முதல்ல எடுங்க. ஏற்கெனவே டிக் போட்டது அடுத்த தேடலுக்கும் ஒட்டிக்கிட்டே இருக்கிற தளங்களும் உண்டு. புதுசா ஒன்னைத் தட்டி "இங்க ஒன்னுமே இல்லை"ன்னு சொன்னா, பழைய டிக் நிக்குதான்னு முதல்ல பாருங்க.

பழையபெட்டி

"மட்டும்" நல்ல யோசனை. உருவகமே இல்லாம ஒரு சொல்லால முடிஞ்சது பாருங்க. நான் சொல்ல வந்ததும் அதுதான், எல்லாத்துக்கும் உருவகம் தேட வேண்டியதில்லை. க்யூஆருக்கு என்ன உருவகம் வேணும்? ஸ்கேன் பண்ணு, பாடம் வரும். கேமரா மங்கலா இருந்தாலோ வழவழத் தாள்ல வெளிச்சம் அடிச்சாலோ குறியீட்டுக்குக் கீழே அச்சடிச்சிருக்கிற ஆறு எழுத்தைத் தீக்ஷா தேடல் பெட்டியில தட்டு. முடிஞ்சது.

எப்ப உருவகம் வேணும்னா, கண்ணுக்குத் தெரியாத அமைப்பு ஒன்னு இருந்து, அது தெரியாம அடுத்த அடி வைக்க முடியாதப்ப. ஒரே அடியில முடியற வேலைக்கு வேண்டாம்.

வடகரப்பதியாள்

அப்போ எப்ப நிறுத்துறது? அதை யாரும் சொல்லலை. ஆறாவது வகுப்புலயும் "மேல்மதகைத் திற"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா, பிள்ளை பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட "மதகு வரலை டீச்சர்"னு போய் நிக்கும்.

மணக்கடவு மாஷ்

இது ரொம்ப முக்கியமான கேள்வி. படிப்படியா உருவிடணும்.

முதல் ரெண்டு வகுப்பு ஊர்ச் சொல் முன்னாடி, திரைச் சொல் பின்னாடி: "மேல்மதகு, அதாவது வாரியம்." மூணாவதுல திருப்பிப் போடுங்க: "வாரியம், அந்த மேல்மதகு." நாலாவதுல இருந்து திரைச் சொல் மட்டும். யாராவது தடுமாறினா அவங்களுக்கு மட்டும் பழைய சொல். தாளையும் மூணாவது வகுப்பு முடிவுல வாங்கிடுங்க. பெரியவங்களுக்கு ஒரு வகுப்பு கூடுதலா ஆகலாம், பரவாயில்லை.

நிக்குதா இல்லையான்னு சோதிக்கிறதுக்கு நெட்டே வேண்டாம். தளத்துல இருக்கிற தலைப்புகளை முப்பது அட்டையில எழுதி மேசையில படிநிலைப்படி கவுத்து வைங்க, மேலே நாலு, அதுக்குக் கீழே அதனதன் கிளை. "ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பயிற்சித்தாள் எங்க?"ன்னு கேட்டு அட்டையைத் திருப்பித் திருப்பி இறங்கச் சொல்லுங்க. ஆளுக்கு அஞ்சு கேள்வி, அஞ்சு பேர் போதும், அரை மணிக்குள்ள முடியும். முதல்ல எந்த அட்டையைத் திருப்பினாங்கங்கிறதை மட்டும் எழுதிக்கோங்க. முதல் அட்டையிலயே நிறையப் பேர் தப்பினா பிள்ளைங்ககிட்டக் கோளாறில்லை, அந்தத் தலைப்போட பெயர்ல கோளாறு.

திரையில இருக்கிறப்ப எந்த நேரத்துலயும் மூணு கேள்வி கேளுங்க: இப்ப எங்க இருக்கே? இங்கிருந்து எங்கெல்லாம் போகலாம்? வந்த இடத்துக்கு எப்படிப் போவே? பதில் வாயால வரணும். விரல் தானாப் போறதை நம்பாதீங்க. ஆப் புதுப்பிச்சுப் பட்டன் இடம் மாறினதும் அந்த விரல் தவிக்கும்.

கடைமடை

அதோட ஒன்னு சேர்த்துக்கலாம். உருவகம் பொய் சொல்ற இடத்துல வேணும்னே ஒரு கேள்வி. உதாரணத்துக்கு, பக்கத்துப் பாடத்துல இருக்கிற ஒரு வீடியோவை எடுக்கச் சொல்லுங்க. வாய்க்காலை அப்படியே நம்பின பிள்ளை மேலே முகப்பு வரைக்கும் ஏறி மறுபடி இறங்கும், ஏழெட்டுத் தொடுதல் ஆகும். பக்கவாட்டுல தாவத் தெரிஞ்ச பிள்ளை ரெண்டு தொடுதல்ல முடிக்கும். ஏறி இறங்குறவங்க பாதிக்கு மேல இருந்தா மூணாவது பத்தியை நீங்க வாசிச்சுக் காட்டவே இல்லைன்னு அர்த்தம்.

நூலகத்தான்

ஐஐடி மும்பையோட ஸ்போக்கன் டுட்டோரியல் உங்க பட்டியல்ல இல்லை. தமிழ்ல குரல் இருக்கு, ஒவ்வொன்னும் சுமார் பத்து நிமிஷம். அதுக்குக் கோலம் சரியா வரும்: பக்கத்து வாசல் கோலத்தைப் பார்த்து நம்ம வாசல்ல புள்ளி வைக்கிற மாதிரி, திரையில பாதி வீடியோ, மீதிப் பாதியில அதே மென்பொருள். அஞ்சு புள்ளி பார்த்து அஞ்சு புள்ளி வை. வீடியோவை நிறுத்தாம ஓட்டினா கோலம் கோணும். பத்து நிமிஷ வீடியோவுக்கு அரை மணி ஒதுக்குங்க. போன்ல இது ஆகாது, லேப்டாப் ஒன்னோ ரெண்டோ இருந்தா ஒன்னுக்கு ரெண்டு பேரா உட்கார வைங்க.

கிழக்கதிர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தாளை எழுதியாச்சு, தப்பு இருந்தா சொல்லுங்க. மேல்மதகு – வாரியம், வழி, வகுப்பு; பொருந்தாதது: எப்ப வேணா மாத்தலாம், கீழே இருக்கிறது அழியாது. மேல்மடை – பக்க உச்சியில இருக்கிற வரி. பொருந்தாதது: பக்கவாட்டுலயும் தாவலாம். வந்த தடம் – பேக். பொருந்தாதது: ஒரு படி மேலே போகும்னு நம்பாதே. போர்வெல் – தேடல். பொருந்தாதது: எத்தனை தடவை போட்டாலும் காசு ஆகாது. குட்டை – பதிவிறக்கம். பொருந்தாதது: ஆவியாகாது, ஆனா போன்ல இடம் பிடிக்கும். "மட்டும்" தாள்ல இல்லை, வாய்ல. பஸ் தாள் அஞ்சாவது வகுப்புக்குத் தனியா.

ஒரே சந்தேகம். துல்யதாவுக்கு வர்றவங்கள்ல ரெண்டு மூணு பேர் மலையாளம் மட்டும் பேசறவங்க. மடை, மதகு எல்லாம் அவங்களுக்குச் சரியா விழுமா?

பழையபெட்டி

மதகு வேண்டாம், ஷட்டர்னு சொல்லுங்க. ரெண்டு மொழியிலயும் அதுதான் ஓடுது.

துண்டுசீட்டு

பஸ்ஸுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். துண்டு போடறது அந்தப் பக்கமும் அதே துண்டுதான்.

கடைமடை

என் பெயரை அவங்ககிட்டச் சொல்றதுன்னா "வாலற்றம்"னு சொல்லணும். டேட்டா தீர்ந்த வீட்டுக்கு அந்தச் சொல்லையே வெச்சுக்கோங்க டீச்சர், தாள்ல அஞ்சாவது வரிசைக்குப் பக்கத்துலயே மலையாள எழுத்துல எழுதிடுங்க.